கொழுப்பு வடிய வழி இருக்கிறதா? பெல்லட் கிரில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் பெல்லட் கிரில் (மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் என்ற சிறு குச்சிகளை எரித்து இறைச்சி சமைக்கும் அடுப்பு) பற்றியவை மட்டும் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஒருவர் தீ என்கிறார், ஒருவர் கசிவு என்கிறார், இன்னொருவர் நாற்றம் என்கிறார். தோண்டிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: இறைச்சியிலிருந்து உருகி விழும் கொழுப்பு வெளியே போகிற வழி. அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: புது பெல்லட் கிரில்லைப் பூட்டி முடித்துவிட்டேன். கையேட்டில் "சமதளத்தில் வைக்கவும்" என்று ஒரு வரிதான் இருக்கிறது. நண்பர் ஒருவர் வாளிப் பக்கம் லேசாகச் சாய்த்து வை என்கிறார். எது சரி?

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம், அப்புறம் விடை தானே வந்துவிடும். பக்கத்தில் உள்ள ஹாப்பரிலிருந்து, அதாவது பெல்லட் நிரப்பும் பெட்டியிலிருந்து, ஆகர் என்ற திருகு பெல்லட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் இருக்கும் தீக்கிண்ணத்தில் போடுகிறது, மின்விசிறி அதற்குக் காற்று ஊதுகிறது. தீக்கிண்ணத்துக்கு நேர் மேலே வெப்பத்தைப் பரப்பிவிடும் தகடு ஒன்று. அதற்கு மேல் பெரிய தட்டு ஒன்று, அதுதான் டிரிப் ட்ரே. அதற்கும் மேலே இறைச்சி வைக்கும் கம்பித்தட்டு. இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு டிரிப் ட்ரேயில் விழுந்து, ஒரு பக்கமாக ஓடி, ஓரத்தில் இருக்கும் வாய்க்காலில் இறங்கி, குழாய் வழியாக வெளியே தொங்கும் வாளிக்குப் போக வேண்டும். இதற்கு மோட்டாரும் கிடையாது, பம்பும் கிடையாது. வாட்டம் ஒன்றுதான் வேலை செய்கிறது.

அந்த வாட்டத்தை டிரிப் ட்ரேயிலேயே வைத்துத்தான் செய்கிறார்கள். கிரில் நிற்கும் தரை மட்டமாக இருக்கும் என்ற கணக்கில் வைத்த வாட்டம் அது. ஆனால் வீட்டுக்கு வெளியே போடும் தரை பெரும்பாலும் மட்டமாக இருப்பதில்லை, மழைத் தண்ணீர் ஓடிப்போக அதற்கும் ஒரு வாட்டம் கொடுத்திருப்பார்கள். தரையின் வாட்டமும் ட்ரேயின் வாட்டமும் எதிரெதிராக அமைந்துவிட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கொழுப்பு ட்ரேயின் நடுவில், அதாவது தீக்கு நேர் மேலே, குளம் கட்டி நிற்கும். நீங்கள் வாங்கியது எவ்வளவு நல்ல கிரில்லாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே உங்கள் நண்பர் சொல்வதும் சரி, கையேடு சொல்வதும் சரி. முன்னும் பின்னும் கண்டிப்பாக மட்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கொழுப்பு ஒரு மூலைக்கு ஓடி ட்ரேயின் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டும். இடவலமாகப் பார்க்கும்போது வாய்க்கால் இருக்கும் பக்கம் ஒரு இம்மி தாழ்ந்திருந்தால் நல்லது. ஒரு இம்மி என்றால், கம்பித்தட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழி எதிர்ப்பக்கக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், அவ்வளவு போதும். அதற்கு மேல் சாய்த்தால் வாணலியில் வைத்த குழம்பு ஒரு பக்கமாக ஒதுங்குவது தவிர வேறு லாபம் இல்லை. கால்களுக்கு அடியில் தகடோ மரச்சக்கையோ கொடுத்து முட்டு வையுங்கள், சக்கரங்களைப் பூட்டிவிடுங்கள். ஹாப்பரில் பெல்லட் நிரப்பிய பிறகு ரசமட்டத்தைப் பாருங்கள். ஒரு பை பெல்லட்டே 9 கிலோ இருக்கும், மண் தரையில் அந்தப் பக்கக் கால் மட்டும் கொஞ்சம் அமுங்கிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. கிரில் ஆறியிருக்கும்போது, மின்சாரத்தை எடுத்துவிட்டு, ட்ரேயின் மேட்டுப் பக்க ஓரத்தில் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயை ஊற்றிப் பாருங்கள். அது எந்த வழியாகப் போகிறது, எங்கே தயங்குகிறது, எந்த இடத்தில் வாய்க்காலில் இறங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். தண்ணீர் ட்ரேயிலிருந்து வழிந்து தீக்கிண்ணத்துக்குள் போனால் அங்கே இருக்கும் பெல்லட் ஊறி உப்பிக் கூழாகி, காய்ந்த பிறகு ஆகரைப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிரித்து எடுப்பது பெரிய வேலை.

கேள்வி: ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். வாளி எப்போது பார்த்தாலும் கிட்டத்தட்டக் காலியாகவே இருக்கிறது. கொழுப்புக் குறைவான இறைச்சி வாங்குகிறோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். சரிதானே?

கோழி நெஞ்சுக்கறியும் மீனும் மட்டும் சமைக்கிறீர்கள் என்றால் சரி. தோலோடு முழுக்கோழி, பன்றித் தோள்பட்டை, மாட்டு நெஞ்சுக்கறி எதையாவது வைத்தும் வாளி காலியாகத்தான் இருக்கிறது என்றால், தயவுசெய்து அடுத்த முறை பற்றவைக்கும் முன் இதை முழுக்கப் படியுங்கள். கொழுப்பு உருகியிருக்கிறது, வாளிக்கு வரவில்லை. அப்படியானால் கிரில்லுக்குள்ளேதான் எங்கோ இருக்கிறது.

கம்பித்தட்டையும் டிரிப் ட்ரேயையும் வெளியே எடுத்துவிட்டு உடம்பின் அடிப்பாகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே உலர்ந்த சாம்பல் மட்டும் இருந்தால், கொழுப்பு ட்ரேயிலேயே தேங்கிக் கருகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சாம்பல் ஈரமாக, கருப்புச் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டு, சிக்கு வாடை அடித்தால் கொழுப்பு ட்ரேயைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டில் இதுதான் மோசமானது, ஏனென்றால் பெல்லட் எரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொழுப்பில் ஊறிய சாம்பல் குவிந்திருக்கிறது.

ட்ரேயில் தேங்குவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் ஒன்றைச் சொல்கிறேன். ட்ரே முடிந்து வாய்க்காலுக்குள் கொழுப்பு விழும் அந்த விளிம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள், விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு சமையலிலும் அங்கே கொஞ்சம் கொழுப்பு நின்று கருகி, மசாலாப் பொடியும் சர்க்கரையும் சேர்ந்து, கருப்பாக ஒரு பொருக்குக் கட்டியிருக்கும். நகத்தின் தடிமன்தான் இருக்கும், ஆனால் அந்த உயரமே ஒரு வரப்பாக நின்று பின்னால் வரும் கொழுப்பை மறித்துவிடும். ட்ரேயின் நடுவைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பவர்கள்கூட இந்த விளிம்பை விட்டுவிடுகிறார்கள். மரத்தாலான சுரண்டியோ பட்டி பூசும் தகட்டுக்கரண்டியோ போதும், சுரண்டி எடுத்துவிடுங்கள். அப்படியே வாய்க்காலின் உள்மடிப்பு, குழாயின் வாய் இரண்டையும் பாருங்கள். குழாயை பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் குத்தினால் உள்ளே இருப்பது வந்துவிடும்.

இரண்டாவது காரணம், தகடு நெளிந்திருப்பது. அடிக்கடி அதிகச் சூட்டில் வைத்துச் சமைத்தால் மெல்லிய தகடு நெளியும், நடுவில் குழி விழும். ட்ரேயைச் சமமான தரையில் வைத்து மூலைகளை அழுத்துங்கள், ஆடினால் நெளிந்திருக்கிறது. தட்டி நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் அதை நம்புவதில்லை, சூடு பட்டதும் பழைய நெளிவுக்கே போய்விடும். புதுத் தட்டு வாங்கிப் போடுவதுதான் நல்லது.

கொழுப்பு ட்ரேயைத் தாண்டிக் கீழே போயிருந்தால், ட்ரே சரியான இடத்தில் உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள். சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது ஒரு விரற்கடை தள்ளி வைத்துவிட்டாலே போதும், தாழ்வான விளிம்பு வாய்க்காலுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்காது, கொழுப்பு இடுக்கு வழியாக உள்ளே சொட்டும். அடியில் இருக்கும் வெப்பத் தகடு அதன் காடியில் உட்காராமல் ட்ரேயைத் தூக்கிவிட்டாலும் இதே கதைதான். இன்னொன்று, இறைச்சி ட்ரேயின் எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. கம்பித்தட்டு ட்ரேயை விடக் கொஞ்சம் அகலமாக இருக்கும், ஓரத்தில் வைத்த துண்டிலிருந்து சொட்டுவது ட்ரேயில் விழவே விழாது. பெரிய துண்டு என்றால் நடுவுக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: டிரிப் ட்ரேக்கு அலுமினிய ஃபாயில் போடலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

போடலாம், ஒழுங்காகப் போட்டால். தடிமனான ஃபாயிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரேயை வெளியே எடுத்து, மேசையில் வைத்து, ஃபாயிலை இழுத்துப் பிடித்துச் சுருக்கமே இல்லாமல் விரித்து, ஓரங்களை அடிப்பக்கம் மடித்துத் தட்டையாக அழுத்திவிடுங்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சின்ன அணை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டு ஃபாயில் தேவைப்பட்டால் மேட்டுப் பக்கத் துண்டு மேலே வருமாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். மாற்றிப் போட்டால் கொழுப்பு மடிப்புக்கு அடியில் புகுந்துவிடும், புகுந்தது தெரியவும் தெரியாது.

செய்யக் கூடாதவை என்று பார்த்தால், ஃபாயிலை ட்ரேயின் விளிம்பைத் தாண்டி கிரில்லின் சுவர் வரை இழுத்து விடக் கூடாது. ட்ரேக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் சூடும் புகையும் மேலே வருகின்றன, அதை அடைத்தால் ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் வேகாது. வாய்க்காலுக்குள்ளேயும் குழாயின் வாயிலும் ஃபாயில் நுனி தொங்கக் கூடாது. தீக்கிண்ணத்துக்கு மேல் உள்ள வெப்பத் தகட்டுக்கு ஃபாயில் சுற்றவே வேண்டாம். ட்ரேயில் நேரடித் தீக்காக இழுத்துத் திறக்கும் துளைகள் உள்ள மாடல் என்றால், அந்த வசதியைப் பயன்படுத்தும் நாளில் ஃபாயிலை எடுத்துவிடுங்கள். துளை திறந்திருக்கும்போது கொழுப்பு நேராகத் தீயில்தான் விழும் என்பதால் அன்று கொழுப்பு அதிகமான இறைச்சியை வைக்கவே வேண்டாம்.

அப்புறம், ஃபாயில் போட்டாயிற்று, இனிச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபாயிலை மாற்றாமல் பத்து சமையல் ஓட்டுவதைவிட ஃபாயிலே இல்லாத ட்ரேயை ஒவ்வொரு முறையும் சுரண்டிவிடுவது எவ்வளவோ மேல். கொழுப்பு நிறைய விட்ட சமையல் என்றால் அடுத்த சமையலுக்கு முன் மாற்றிவிடுங்கள், காய்கறி, மீன் என்றால் சில முறை தாங்கும். புதுக் கிரில் என்றால் முதன்முறை வெறுமனே சூடேற்றி எண்ணெய்ப் பூச்சை எரித்து எடுக்கும் அந்த ஓட்டத்தை ஃபாயில் இல்லாமலே செய்துவிடுங்கள், ட்ரேயிலும் வாய்க்காலிலும் பேக்கிங் அட்டை எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் பன்றித் தோள்பட்டை வைத்தோம், ஒரு பிரச்சனையும் இல்லை. மறுநாள் அப்படியே கோழி வைத்து, தோல் மொறுமொறுப்பாக வரட்டும் என்று சூட்டைக் கூட்டியதும் உள்ளே தீப்பிடித்துக்கொண்டது. இது ஏன்?

நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிசைதான் காரணம். பெரிய துண்டு இறைச்சியை 110, 120 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்தால் கொழுப்பு நிதானமாக உருகிக் கொட்டிக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டில் எரியாமல் ட்ரேயில் படிந்துகொண்டே போகும். வடிந்தது போக மிச்சம் அங்கேயே உறைந்துவிடும். மறுநாள் 230 டிகிரிக்கு ஏற்றினீர்கள். பன்றிக் கொழுப்பு சுமார் 190 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். திரையில் தெரியும் எண் இறைச்சியைச் சுற்றியுள்ள காற்றின் சூடுதான், தீக்கிண்ணத்துக்கு நேர் மேலே இருக்கும் ட்ரேயின் நடுப்பகுதி அதைவிட அதிகமாகச் சுட்டுக்கொண்டிருக்கும். தேங்கிய கொழுப்பு ஆவியாக, பக்கத்திலேயே தீயும் விசிறிக் காற்றும் இருக்க, பற்றிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

நீண்ட நேரச் சமையலுக்குப் பிறகு, சூட்டைக் கூட்டும் எந்தச் சமையலுக்கும் முன்பு, ட்ரேயைச் சுரண்டிவிட்டு ஃபாயிலையும் மாற்றிவிட வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஒரே நாளில் முதலில் குறைந்த சூடு, கடைசியில் அதிகச் சூடு என்று சமைக்கப் போகிறீர்களானால் இறைச்சிக்கு அடியில் ஒரு அலுமினியப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்துக் கொழுப்பை அதிலேயே பிடித்துவிடுங்கள். சூட்டைக் கூட்டும் முன் அந்தப் பாத்திரத்தைக் கவனமாக வெளியே எடுத்துவிடலாம். வாத்துக்கும் இதே யோசனைதான், அதில் வடியும் கொழுப்பை எந்த வாட்டமும் சமாளிக்கச் சிரமப்படும்.

தீப்பிடித்துவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள். திறந்து பார்க்கத்தான் கை போகும், திறந்தால் காற்றுக் கிடைத்துக் குப்பென்று எழும்பும். மூடியை மூடியபடியே மின்சாரத்தை நிறுத்துங்கள், விசிறி நிற்க வேண்டும். பல மாடல்களில் பேனலில் இருக்கும் ஷட் டவுன் பொத்தானை அழுத்தினால் மிச்ச பெல்லட்டை எரித்து முடிக்க விசிறி இன்னும் சில நிமிடம் ஓடும். உங்கள் கிரில்லில் அவசரத்துக்கு எதை அணைக்க வேண்டும் என்று கையேட்டில் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் கொழுப்பு தெறித்துப் பரவும். மாவு போடக் கூடாது, அதுவே எரியும். சமையல் சோடா போடலாம், ஆனால் அதற்காக மூடியைத் திறக்க வேண்டியிருந்தால் வேண்டாம். தீ வெளியே வந்துவிட்டாலோ, சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றாலோ எல்லோரும் விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் மட்டும் குழாய் அடைத்துக்கொள்கிறது.

குழாய் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, குளிரில் அது சில்லென்று இருக்கும். மாட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே உறையத் தொடங்கிவிடும், பன்றிக் கொழுப்பு அதற்குக் கொஞ்சம் கீழே. ட்ரேயில் ஓடி வந்தது குழாயின் வாய்க்கு வந்ததும் மெழுகாகிவிடுகிறது. சமையல் முடிந்து கிரில் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும், முழுக்க ஆறுவதற்குள், குழாயை பிரஷ்ஷால் ஒருமுறை தள்ளிவிடுங்கள். நீண்ட சமையல் என்றால் நடுவில் ஒருமுறை வெளியே நின்று குழாயின் நுனியைப் பாருங்கள். சொட்டிக்கொண்டிருந்தால் கவலையில்லை.

கேள்வி: வாளியில் சேரும் கொழுப்புப் போக, மூடியின் முன்பக்க விளிம்பிலிருந்தும் பழுப்பாக ஏதோ தரையில் சொட்டுகிறது. வாட்டம் தவறா?

அது வேறு. இறைச்சியிலிருந்து கிளம்பும் நீராவி மூடியின் உட்புறம் பட்டுக் குளிர்ந்து, புகைக்கரியையும் பிசுக்கையும் சேர்த்துக்கொண்டு வழிகிறது. குளிர்ந்த நாளிலும், உள்ளே தண்ணீர்ப் பாத்திரம் வைத்த நாளிலும் அதிகமாக இருக்கும். மூடியின் உட்புறத்தை அவ்வப்போது துடைத்து, அடியில் ஒரு விரிப்புப் போட்டால் போதும். குழாய் உடம்போடு சேரும் இடத்திலிருந்து கசிந்தால் மட்டும் கவனியுங்கள். திருகு தளர்ந்திருக்கலாம், இறுக்கிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் அதிகச் சூடு தாங்கும், உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் பூசி ஒரு நாள் காயவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிரில்லில் வாளியே இல்லை. அடியில் இழுக்கும் தட்டு ஒன்று இருக்கிறது. இதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

வாட்டம், விளிம்பு, ஃபாயில் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். சில மாடல்களில் அந்த ஒரே தட்டில் கொழுப்பும் சாம்பலும் சேர்ந்து விழும், அப்படியென்றால் அதை இன்னும் அடிக்கடி காலி செய்யுங்கள். தட்டை முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், பாதியில் நின்றால் குழாய்க்கு நேராக வராது. சாம்பலை எடுக்கும்போது ஒரு நாளாவது ஆறவிட்டு, மூடி உள்ள உலோகப் பாத்திரத்தில் போடுங்கள். கணப்பு வெகுநேரம் உள்ளுக்குள் இருக்கும்.

கேள்வி: சேர்ந்த கொழுப்பை என்ன செய்வது? மழை பெய்து வாளி நிறைந்துவிட்டது வேறு.

மழைத் தண்ணீர் அடியில் நின்று கொழுப்பு மேலே மிதக்கும், அடுத்த சமையலில் வாளி வழிந்து தரையெல்லாம் பிசுக்காகும். பயன்படுத்தாத நாளில் வாளியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், நாய், பூனை, எறும்பு தொல்லையும் குறையும். பற்றவைக்கும் முன் வாளியைப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஃபாயில் கிண்ணம் போட்டுவைத்தால் உறைந்ததும் அப்படியே தூக்கிவிடலாம்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள், வெந்நீர் விட்டு ஊற்றினாலும் கொஞ்ச தூரம் போய்க் குழாயில் உறைந்துதான் ஆகும். 2017-ல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகி, 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை வெட்டி எடுக்கப் பல வாரம் ஆனது. உறையவிட்டு, பழைய டப்பாவில் அடைத்து, குப்பையில் போடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் குளிரவைத்து மேலே கட்டியாக நிற்பதை மட்டும் எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, கீழே மிஞ்சும் தண்ணீரைப் பழைய செய்தித்தாளில் ஊறவைத்து அதையும் குப்பையிலேயே சேர்த்துவிடுங்கள்.

வாளிக் கொழுப்பைச் சமையலுக்கு எடுக்கலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். சாம்பல், கரி, ட்ரேயில் கருகிய பொருக்கு எல்லாம் அதில் கலந்திருக்கிறது. புகை வாசனையோடு கொழுப்பு வேண்டும் என்றால் இறைச்சிக்கு நேர் அடியில் சுத்தமான பாத்திரம் ஒன்றை வைத்து அதில் பிடியுங்கள், வடிகட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உருளைக்கிழங்கு வறுக்க அவ்வளவு நன்றாக இருக்கும்.